எதிர்காற்றை அளத்தல்

ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தைத் தோற்றுவித்த டாக்டர் ஏ.எஸ். ராவ் அவர்களின் பெயரால் வழங்கும் நகரில் வாழ்ந்துகொண்டே, ஒரு சிறு மின்னணுக் கருவியிடம் நாம் ஏமாந்தோம். காலைதோறும் மிதிவண்டி ஓட்டுகையில் ஆற்றல்மானி நமது உழைப்பைக் குறைத்தே காட்டியது. அகவை நாற்பதைக் கடந்ததன் விளைவென்று ஒரு திங்கள் வருந்தினோம். பிழை காலில் இல்லை, கணக்கில் இருந்தது.

இவ்வகை மானியின் முன்புறத் துளை, 1732-இல் ஆன்றி பிதோ ஆற்றுநீரின் வேகத்தை அளக்க அமைத்த குழாயின் வழிவந்தது. துளையில் மோதும் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை 10 கிலோமீட்டர் எதிர்காற்று தாக்கினால், அழுத்தம் ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்கு.

நிற்க. துளையில் காற்றுப் படாமல் மறைத்து, முதலில் சுழியைச் சரிசெய்தல் வேண்டும். பின்னர் ஒரே சாலையில் ஒரே வேகத்தில் போய் மீள வேண்டும். போகையில் காற்றுவேகம் 30, மீள்கையில் 10, சராசரி 20. சக்கரத்தின் வேகமும் அதுவே. கருவி 22 காட்டினால் பத்து விழுக்காடு மிகை எனக் கொள்க.

நாமோ வேகத்தை விடுத்து அழுத்தங்களைச் சராசரி கண்டோம். 30-இன் வர்க்கம் 900, 10-இன் வர்க்கம் 100, சராசரி 500. 20-இன் வர்க்கமோ 400தான். நல்ல கருவியை மிகையென்று கருதிக் குறைத்துவிட்டோம்!

ஐதராபாத் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 500 மீட்டர் மேலுள்ளது. இங்கே காற்று அடர்த்தி குறைந்தது. சென்னையிலிருந்து வண்டியோடு வரும் அன்பர்கள் அங்குப் பதிந்த அடர்த்தியை மாற்றாவிடின், காற்றுவேகம் குறைவாகவே தோன்றும். பேருந்து உராய்ந்து செல்லும் கணத்து அளவைத் தள்ளிவிடுக.