விடுமுறை முகாம்களும் ஒப்படைக்கப்படும் அமானிதமும்



பாடசாலை விடுமுறை நெருங்கும்போது நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் அறிவித்தற் பலகைகளில் முகாம்கள் பற்றிய விளம்பரங்கள் ஒட்டப்படுவதைக் காண்கிறோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த மாணவர்களுக்கு வதிவிடத் தலைமைத்துவப் பயிற்சி, அஹதிய்யா மாணவர்களுக்குக் கல்விச் சுற்றுலா, சாரணர் பாசறை, மத்ரஸாக்களின் விடுமுறைக்கால வகுப்பு என அவற்றின் பெயர்கள் பலவாகும். கைத்தொலைபேசியிலேயே பொழுதைக் கழிக்கும் பிள்ளை மூன்று நாட்கள் ஜமாஅத்தோடு தொழுது, தோழர்களோடு ஓடி விளையாடி, தன் உடுப்பைத் தானே கழுவிப் பழகுவது நல்ல காரியம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆகவே பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று கூறுவது நமது நோக்கமன்று. யாரிடம், எத்தகைய ஏற்பாட்டின் பேரில் அனுப்புகிறோம் என்பதையே இங்கு நோக்குவோம்.

பிள்ளையை விளையாட அனுப்பும் தந்தையின் தயக்கத்தை அல்குர்ஆன் ஸூரா யூஸுபிலே நம் கண்முன் நிறுத்துகிறது. நாளை எங்களோடு அனுப்புங்கள், அவர் உண்டு மகிழ்ந்து விளையாடட்டும், நாங்கள் பாதுகாப்போம் என்று யூஸுப் (அலை) அவர்களின் சகோதரர்கள் தந்தையிடம் வேண்டினார்கள். நீங்கள் கவனமற்றிருக்கும் வேளையில் ஓநாய் தின்றுவிடுமோ என அஞ்சுவதாக யஃகூப் (அலை) அவர்கள் கூறினார்கள். நாங்கள் ஒரு கூட்டமாக இருக்கும்போது அது எப்படி நடக்கும் என்பதே மைந்தர்களின் பதிலாக இருந்தது. பின்னர் நடந்ததை நாம் அறிவோம். ஆண்டுகள் பல சென்றபின் இளைய மகனையும் அனுப்புமாறு அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி பெற்ற பின்னரே அந்தத் தந்தை இணங்கினார். வழியனுப்பும்போதும் ஒரே வாயிலால் நுழையாமல் வெவ்வேறு வாயில்களால் நுழையுமாறு புத்தி கூறினார். அதே மூச்சில், அல்லாஹ்வின் விதியிலிருந்து எதையும் தன்னால் தடுத்துவிட முடியாது என்றும் கூறினார். ஒரு நபியின் தவக்குல் இவ்வாறிருக்க, முகாம் நடத்துவோரிடம் கேள்வி கேட்பதை ஈமானின் குறைவாகவோ உஸ்தாதுமாருக்குச் செய்யும் அவமரியாதையாகவோ நாம் ஏன் எண்ண வேண்டும்?

எங்களில் பலர் உறுதிமொழி கேட்பதில்லை. “மௌலவி இருக்கிறார்தானே” என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் எத்தனை பேர், பொறுப்பாளர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த ஊரார், இதற்கு முன் எங்கே கடமையாற்றினார்கள், அங்கிருந்து ஏன் விலகினார்கள், இரவில் யார் எங்கே தூங்குவார்கள், நீராட அழைத்துச் செல்வார்களா, எந்த வாகனத்தில் பயணம், அண்மையிலுள்ள வைத்தியசாலை எது? இவற்றுக்கு எழுத்திலே பதில் தரக்கூடிய ஏற்பாட்டாளரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். கேட்டவுடன் முகம் சுளிப்பவரிடம் ஒப்படைக்கலாகாது.

கேள்விக்குச் செவிசாய்க்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் கூறலாம். 1993 மார்ச் 22 ஆம் திகதி, அந்நாட்டின் தென்கரையிலுள்ள லைம் குடாவில் எட்டு மாணவர்கள் ஓர் ஆசிரியரோடும் இரண்டு பயிற்றுநர்களோடும் சிறு துடுப்புப் படகுகளில் கடலுக்குச் சென்றனர். சில மணி நேரப் பயணமே திட்டம். காற்று அவர்களைக் கரையிலிருந்து அகற்றிச் சென்றது. படகுகளில் நீர் புகுந்தது. அபாய ஒளிச் சமிக்ஞை அவர்களிடம் இருக்கவில்லை. குறித்த நேரத்துக்குத் திரும்பாதபோதும் கரையோரக் காவற்படைக்கு உரிய வேளையில் தகவல் செல்லவில்லை. குளிர்ந்த நீரில் பல மணி நேரம் கிடந்த மாணவர்களுள் நால்வர் மரணித்தனர். அந்த நிலையத்தின் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டி, முன்னர் அங்கு பணியாற்றி விலகிய இரு பயிற்றுநர்கள் நிர்வாகத்துக்கு ஏற்கனவே கடிதம் எழுதியிருந்தமை விசாரணையில் வெளியாயிற்று. 1994 இல் அந்நிறுவனமும் அதன் பணிப்பாளரும் குற்றவாளிகளாகக் காணப்பட, பணிப்பாளர் சிறை சென்றார். மறு ஆண்டே, இளையோருக்கான இத்தகைய நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெறுவதற்கான சட்டத்தை அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றியது. கடிதம் மேசைக்கு வந்தபோதே அது வாசித்துச் செயற்படுத்தப்பட்டிருந்தால்?

நம் நாட்டிலும் நீரே பெரிய அபாயம். 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்களை இழந்தோம். 2024 நவம்பர் 26 இல் வெள்ளம் காரணமாக வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அவை முகாம்கள் அல்ல. எனினும், வீதிக்கு மேலால் நீர் பாயும்போது வாகனத்தை நிறுத்திவிட்டு ஓரிரவு அங்கேயே தங்குவதற்கு முகாம் பொறுப்பாளருக்கு நெஞ்சுறுதி வேண்டும் என்பதை அவை உணர்த்துகின்றன. நாளை பாடசாலை இருக்கிறது, பெற்றோர் காத்திருக்கிறார்கள் என்பவையெல்லாம் காரணங்களல்ல.

நீராடுவதாயின், ஊராரிடம் விசாரியாமல் எந்த ஆற்றிலும் குளத்திலும் பிள்ளைகளை இறக்கக் கூடாது. மேலே மழை பெய்தாலோ நீர்த்தேக்கத்தின் வான்கதவு திறக்கப்பட்டாலோ, வெயில் எறிக்கும் இடத்திலும் நீர்மட்டம் சடுதியாக உயரும். கைவிடப்பட்ட கற்குழிகள் ஓரத்திலேயே ஆழமானவை. நீரில் மூழ்கும் பிள்ளை திரைப்படத்தில் போலக் கூக்குரலிடுவதில்லை. மூச்செடுக்கவே போராடும் வாயால் சத்தமிட முடியாது. ஆகவே கரையிலே ஒருவர், கையில் தொலைபேசியின்றி, தலைகளை எண்ணிக்கொண்டே நிற்றல் வேண்டும். ஒருவர் தத்தளிக்கும்போது நீந்தத் தெரியாத நண்பர்கள் பாய்ந்து, ஒருவருக்காக மூவர் போன ஜனாஸாக்களை நாம் அடக்கியிருக்கிறோம். கயிறு, நீண்ட தடி, முடிச்சிட்ட சாரங்கள், மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கலன் ஆகியவற்றைக் கரையிலிருந்தே எறியுங்கள். மீட்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்கி வயிற்றை அமுக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அதனால் நேரமே வீணாகும். மூச்சில்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். வேறொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்கட்டும். இம்முதலுதவியைப் பயின்ற ஒருவரேனும் இல்லாத முகாம் நீர்நிலைக்குப் போகவே வேண்டியதில்லை.

நோய்களைப் பற்றி நீட்டிக் கூறத் தேவையில்லை. தொய்வு, வலிப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளையின் விபரத்தையும் மருந்தையும் பொறுப்பாளரின் கையிலே கொடுங்கள். பையில் வைத்து அனுப்பினால் போதாது.

இனிக் கூறப்போவது கேட்பதற்குக் கசப்பானது. பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவோரில் பெரும்பாலானோர் முன்பின் தெரியாதவர்களல்லர். பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் நன்கு அறிமுகமானவர்கள். சில வேளை எல்லோராலும் மதிக்கப்படுபவர்கள். முதலில் பரிசு, பிறகு தனியான சலுகை, பிறகு இரவிலே ஒரு குறுஞ்செய்தி, பிறகு வாப்பா உம்மாவுக்குச் சொல்லக்கூடாத ஓர் இரகசியம் என்று அது படிப்படியாக நகரும். பெண் பிள்ளைக்குத்தான் ஆபத்து, ஆண் பிள்ளைக்கு என்ன நேரப் போகிறது என்று எண்ணுவது நம்மிடையே ஆழ வேரூன்றிய தவறான எண்ணம். தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995 இல் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் ஆண் பிள்ளைக்கு இழைக்கப்படும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தையும் கடும் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளன.

பத்து வயதை அடைந்த பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது சொந்த வீட்டுக்குள், உடன்பிறந்தார் மத்தியிலேதான். அந்நிய இடத்தில் நாற்பது பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் பாய் விரிக்கும்போது அந்தப் பேணுதல் எவ்வளவு அவசியமாகிறது! வளர்ந்தோர் பிள்ளைகளோடு ஒரே விரிப்பில் தூங்கலாகாது. சிறியவர்களும் பெரிய மாணவர்களும் வெவ்வேறாகத் தூங்கட்டும். இரவுக் காவலுக்கு எப்போதும் இருவர் வேண்டும். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனித்திருப்பதற்கு எவருக்கும், உஸ்தாதுக்கும் கூட, அனுமதியில்லை. இவ்விதி நல்லவர்களைப் பழிச்சொல்லிலிருந்தும் காக்கிறது என்பதால் நல்ல உஸ்தாதுமாரே இதை முதலில் வரவேற்பார்கள். முகாம்களில் தொலைபேசிகளைச் சேகரித்து வைப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் நாளுக்கொரு முறையேனும், எவரும் பக்கத்தில் நின்று கேளாமல், பிள்ளை வீட்டாரோடு பேச வழியிருத்தல் வேண்டும்.

முகாம்களில் தொண்டாற்றும் இளைஞர்களே! தம்பிமாரை நள்ளிரவில் எழுப்பிப் பயமுறுத்துவதையும் உடுப்பைக் களையச் செய்து கேலி பண்ணுவதையும் ‘பகிடி’ என்று நீங்கள் அழைக்கலாம். அதற்குள்ளாகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பகிடியாக இருப்பதில்லை. உங்களோடு பணியாற்றும் ஒருவரின் நடத்தை உறுத்தினால் உடனே கூறுங்கள். லைம் குடாவின் அந்தக் கடிதத்தை எழுதியவர்களும் அங்கு வேலை பார்த்த ஊழியர்களே.

பெற்றோர்களே! பிள்ளை திரும்பியதும் என்ன கற்றாய் என்று மட்டும் கேட்காதீர்கள். யாருக்குப் பக்கத்தில் தூங்கினாய், எது பிடிக்கவில்லை, யாரோடு இருக்க விருப்பமில்லை என்றும் ஆறுதலாகக் கேளுங்கள். பிள்ளை ஏதேனும் கூறினால் குறுக்கிடாமல் கேட்டு, அதே வார்த்தைகளில் எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரை வீட்டுக்கு அழைத்து விசாரிக்காதீர்கள்.

இங்கேதான் ஊரின் மானம் குறுக்கே வருகிறது. முஸ்லிமின் குறையை மறைப்பவருக்கு நன்மையுண்டே, பள்ளி நிர்வாகத்துக்குள் பேசித் தீர்ப்போமே என்பார்கள். ஒருவர் தனக்குள் செய்துகொண்ட பாவத்தை அம்பலப்படுத்தாதிருத்தல் வேறு. ஒரு பிள்ளைக்கு இழைத்த அநீதியை மூடி அடுத்த பிள்ளையை அவரிடமே ஒப்படைத்தல் வேறு. தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு ஸூரா அந்நிஸா பணிக்கிறது. ஊர் மானத்துக்கு அங்கே விலக்களிக்கப்படவில்லை.

1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் தமிழிலேயே முறையிடலாம். பொலிஸ் நிலையத்திலுள்ள சிறுவர், பெண்கள் பணியகத்துக்கும் செல்லலாம். சம்பவம் அண்மையில் நடந்ததாயின், பிள்ளை அணிந்திருந்த உடைகளைக் கழுவாமல் கடதாசிப் பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு அது உதவும். புறப்படுமுன் பிள்ளையை அருகில் அமர்த்தி, நீ சொன்னது நல்லது, தவறு உன்னுடையதன்று என்று கூறுங்கள். அதை அடுத்து வரும் மாதங்களிலும் பலமுறை கூற வேண்டியிருக்கும்.