கரண்ட் காரா... பெட்ரோலே போதுமா?

‘‘மாப்ளே, பெட்ரோல் காரைத் தள்ளிவிட்டுட்டு எலெக்ட்ரிக் கார் வாங்கிடட்டுமா?’’

கேட்பவர் புதுக்கோட்டைக்காரர் என்றால், முதலில் ஓர் எதிர்க்கேள்வி போடுங்கள்: ‘‘மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுறே?’’

தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவரா? போக வர சுமார் 110 கிலோமீட்டர். லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 16 என்று வைத்தால் பெட்ரோலுக்கு தினம் 700 ரூபாய் காலி! கரண்ட் காருக்கு சுமார் 16 யூனிட். ரீடிங் எகிறி யூனிட்டுக்கு 12 ரூபாய் விழுந்தால்கூட 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாசம் 25 நாளில் 12,500 ரூபாய் மிச்சம். பழைய காரை விற்றது போக கையிலிருந்து 6 லட்சம் போட்டாலும், நாலே வருஷத்தில் திரும்பிவிடும்.

நார்த்தாமலை, குடுமியான்மலை என்று மாசம் 300 கிலோமீட்டர்தான் ஓடுமா? மிச்சம் 1,350 ரூபாய். அந்த 6 லட்சத்தை எடுக்க 37 வருஷம்! பேட்டரிக்குப் பல கம்பெனிகள் தரும் வாரன்டியே 8 வருஷம்தான் சார்!

இன்னொன்று... 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் புரட்டிப் போட்டபோது, மாவட்டத்தின் பல கிராமங்களுக்கு கரண்ட் வர வாரக்கணக்கானது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலை, ஃபுல் சார்ஜ்!

பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிட்டார்னு ஷோரூமுக்கு ஓடாதீங்க. உங்க பழைய கார் மீட்டரை ஒரு தடவை எட்டிப் பாருங்க... அதுவே தீர்ப்பு சொல்லிடும்!