மூன்று நாள் நடைத் தூரத்தில் ஒரு வேலைக் குழு



1985-ஆம் ஆண்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் அலுவலகம் திறந்து, செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் கடல்கடந்த தன் அலுவலகங்களோடு வேலையைப் பகிர்ந்துகொண்டது. ஆனால் 2020 மார்ச் ஊரடங்கில்தான் ஒரே குழுவில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து வேலை செய்யும் நிலை பரவலாயிற்று. ஒருவர் ஒயிட்ஃபீல்டிலும், ஒருவர் திருநெல்வேலியிலும், மற்றொருவர் அமெரிக்காவிலுமாக இயங்கும் மென்பொருள் குழுக்கள் இன்றும் உண்டு. அவற்றை நடத்துகிறவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் காலை 9 மணி என்றால் அவர்களுடைய கோடையில் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. நம்மில் அநேகருக்கு அது குடும்ப ஜெப வேளை.

அதைவிடப் பெரிய பாரம் சந்தேகம். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாக 2022-இல் விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி வெளிப்படையாகக் கூறினார். இத்தகைய பயத்தினால் சில நிறுவனங்கள் விசைப்பலகையின் அசைவைக்கூட எண்ணும் மென்பொருளை வைக்கின்றன. அதை ஏமாற்ற, மவுஸைத் தானாய் அசைக்கும் கருவியும் கடைக்கு வந்துவிட்டது!

லாபானின் மந்தைக்கும் யாக்கோபு மேய்த்த மந்தைக்கும் நடுவே மூன்று நாள் நடைத் தூரம் (ஆதி. 30:36). மேற்பார்வையாளர் இல்லை. ஆயினும் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் யாக்கோபு தூக்கமின்றி மேய்த்தான். (உரித்த கொப்புகளை நான் மறக்கவில்லை.) லாபானோ சம்பளத்தைப் பத்து முறை மாற்றினான். வேலைக்காரரின் உண்மையைக் குறித்த பிரசங்கங்கள் அநேகம். லாபானைக் குறித்தவையோ சொற்பம்.

பவுல் அப்போஸ்தலர் தூரத்திலிருந்தே சபைகளை நடத்தினார். நிருபங்களில் காரியங்களை விளங்க எழுதினார். எழுத்து போதாதபோது, தாம் அத்தேனேயில் தனித்திருக்க நேர்ந்தும் தீமோத்தேயுவை அனுப்பினார் (1 தெச. 3:1,2).

குழுவை நடத்தும் சகோதரனே, சகோதரியே, பேசி எடுத்த முடிவை எழுதி வையுங்கள். கூட்டத்துக்கு வர இயலாதவர் அதை வாசித்தே வேலையைத் தொடர வேண்டும். இரவுக் கூட்டத்தின் பாரத்தை அமெரிக்காவிலுள்ளவர்களும் முறைவைத்துச் சுமக்கட்டும். ஒருவருடைய பிழையைத் திரையில் எல்லாருக்கும் முன்பாகக் கண்டியாமல், தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

புதிதாய்ச் சேர்ந்த பிள்ளை, பி.ஜி. அறையில் கேள்வி கேட்க அஞ்சி நாள் முழுவதும் திகைத்திருக்கக்கூடும். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வார். திரையில் அது தெரியாது. இந்த வாரம் அப்படிப்பட்ட ஒருவரை, வேலை முடிந்ததா என்று கேட்பதற்கல்ல, சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக அழையுங்கள்.