ஜாவாவில் வேண்டுகோள் பொருளின் உட்செலுத்தல்

ஒரு வகுப்பு தனக்குத் தேவையான பொருட்களைத் தானே உருவாக்காமல் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் முறை சார்பு உட்செலுத்தல் எனப்படும். ஆங்கிலத்தில் இதனை டிப்பென்டன்சி இன்செக்சன் என்பர். மார்ட்டின் பவுலர் 2004 இல் எழுதிய கட்டுரையால் இப்பெயர் பரவலானது. ஜாவா வலைச் செயலிகளில், உலாவி அனுப்பும் வேண்டுகோளைக் குறிக்கும் பொருளையும் இம்முறையில் பெறலாம்.

தேவை

சர்வ்லெட்டின் செயற்கூறுக்கு வேண்டுகோள் பொருள் அளபுருவாக வந்து சேர்கிறது. ஆனால், பயனரின் மொழியோ இணைய முகவரியோ உள்ளடுக்கில் உள்ள வேறொரு வகுப்புக்குத் தேவைப்படலாம். ஒவ்வோர் அடுக்கின் வழியாகவும் அதனைக் கடத்தினால், வலையோடு தொடர்பற்ற வகுப்புகளும் வலையைச் சார்ந்துவிடும். அவற்றைத் தனியே சோதிப்பதும் கடினமாகும்.

ஆயுட்கால முரண்

சிக்கலின் மையம் இதுவே. ஸ்பிரிங் போன்ற சட்டகங்களில் ஒரு சேவைப் பொருள் பொதுவாக ஒருமுறை மட்டும் உருவாக்கப்பட்டு, செயலி இயங்கும் காலம் முழுதும் நிலைக்கிறது. வேண்டுகோளோ மறுமொழி அனுப்பப்பட்டதும் முடிந்துவிடுகிறது. மேலும், வழங்கி பல வேண்டுகோள்களைப் பல இழைகளில் ஒரே நேரத்தில் கையாளுகிறது. நிரலர் ஒவ்வொரு வேண்டுகோளையும் சேவைப் பொருளின் புலத்தில் தாமே சேமித்தால், ஒரு பயனரின் வேண்டுகோள் மற்றொருவருடையதை அழித்து எழுதிவிடும். வங்கிச் செயலியாயின், ஒருவரது கணக்கு விவரம் இன்னொருவர் திரையில் தோன்றக்கூடும். நிரலர் தனியாகச் சோதிக்கும்போது இப்பிழை வெளிப்படுவது அரிது.

இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. ஸ்பிரிங், உண்மைப் பொருளுக்குப் பதிலாக ஒரு பதிலாளைச் செலுத்துகிறது. பதிலாள் ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும், நடப்பு இழையோடு பிணைக்கப்பட்ட வேண்டுகோளைத் தேடி அதனிடம் பணியை ஒப்படைக்கும். 2007 இல் கூகுள் வெளியிட்ட கூய்ஸ் சட்டகத்தில், 'புரொவைடர்' என்னும் இடைமுகத்தைச் செலுத்தி, தேவைப்படும் கணத்தில் அதன் 'கெட்' செயற்கூறை அழைப்பது வழக்கம். இம்முறையில் தேடல் நிகழுமிடம் நிரலில் வெளிப்படையாகத் தெரிவதால் படிப்போருக்கு எளிது.

ஜாவா இஇ 7 (2013) முதல் சீர்தரத்திலேயே இவ்வசதி உள்ளது. 2020 இல் வெளியான ஜகார்த்தா இஇ 9, 'ஜாவாஎக்ஸ்' எனத் தொடங்கும் தொகுப்புப் பெயர்களை 'ஜகார்த்தா' என மாற்றியது. ஆகையால் பழைய எடுத்துக்காட்டுகள் புதிய வழங்கிகளில் அப்படியே இயங்கா.

வரம்புகள்

வேறோர் இழையில் இயங்கும் பின்னணிப் பணிக்குள் பதிலாளை அழைத்தால், பிணைந்த வேண்டுகோள் இல்லாமையால் ஸ்பிரிங் விதிவிலக்கை எழுப்பும். எனவே பணியைத் தொடங்கும் முன்னரே, தேவையான மதிப்புகளை மட்டும் மாறாப் பொருள் ஒன்றில் எடுத்து அதனிடம் கொடுத்தல் வேண்டும்.