விரிசல் எழுப்பும் ஓசை
ஒலி உமிழ்வுக் கண்காணிப்பு

மூங்கிலை வளைத்தால், முறிவதற்கு முன்பே நெறுநெறுக்கும். உலோகமும் அப்படித்தான். விரிசல் மயிரிழை அளவு முன்னேறினாலும், அங்கே தேங்கியிருந்த ஆற்றலில் ஒரு பங்கு அதிர்வலையாகக் கிளம்புகிறது; இதுவே ஒலி உமிழ்வு. நம் காதுக்கு எட்டுவது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். இந்த அலைகளைப் பெரும்பாலும் 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் தேடுகிறார்கள்.

எப்படிக் கேட்கிறார்கள்?
அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் அழுத்தமின் உணரிகளைக் கட்டமைப்பின் மேல் பல இடங்களில் ஒட்டுகிறார்கள். அலுமினியத் தகட்டில் அலை ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 200 மைக்ரோ நொடி ஆகும். அலை எந்த உணரிக்கு முதலில், எதற்கு எவ்வளவு பிந்தி வந்தது என்று கணக்கிட்டால் விரிசல் இருக்கும் இடம் தெரியும்.

கைசர் விளைவு
ஜெர்மனியின் ஜோசப் கைசர் 1950-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏற்கெனவே தாங்கிய சுமையை மீறும் வரை உலோகம் பெரும்பாலும் மௌனம் காக்கும். பழைய சுமைக்கே மீண்டும் ஓசை எழுந்தால், இடையில் சேதம் வளர்ந்திருக்கலாம்.

ராக்கெட்டில் தொடங்கியது
1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் போலாரிஸ் ஏவுகணைக்கான மோட்டார் உறைகளை நீரழுத்தத்தில் சோதித்தபோது இம்முறை பயன்பட்டது. பின்னர் விமான இறக்கைகளுக்கு மீண்டும் மீண்டும் சுமையேற்றிப் பார்க்கும் களைப்புச் சோதனைக்கும் வந்தது.

எல்லை
வளராத விரிசல் ஓசை எழுப்பாது. தளர்ந்த ரிவெட்டின் உராய்வும் எஞ்சின் இரைச்சலும் குழப்பும். அதனால் சந்தேகத்துக்குரிய இடத்தை மீயொலியால் மறுபடி சோதித்துப் பார்ப்பதே வழக்கம்.