எம் 81 கூட்டம்

வடவானில் சப்தரிஷி மண்டலம் இருக்கும் திசையில், சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தொலைவில் ஒரு விண்மீன் திரள் கூட்டம் இருக்கிறது. அதன் பெரிய திரளான எம் 81-ஐயும் பக்கத்து எம் 82-ஐயும் 1774-இல் வானியலாளர் யோஹான் போடே கண்டபோது, இரண்டும் மங்கலான திட்டுகளாகவே தெரிந்தன. நடுவே ஹைட்ரஜன் வாயு பாலம்போல் நீண்டுகிடப்பதைக் காட்டியவை ரேடியோ தொலைநோக்கிகள். இந்த இரு திரள்களும் முன்பு நெருங்கிக் கடந்தபோது ஈர்ப்பு விசை இழுத்துவிட்ட வாயு அது. அந்த நெருக்கத்தால்தான் எம் 82-இன் மையத்தில் புது விண்மீன்கள் மளமளவென்று பிறக்கின்றன. சிவந்த வாயு இருபுறமும் பீறிடுகிறது.

இந்தக் கூட்டமும், நமது பால்வீதி அடங்கிய உள்ளூர்க் கூட்டமும் கன்னி மீப்பெருங்கொத்தைச் சேர்ந்தவை. அந்தக் கொத்தோ, சுமார் 50 கோடி ஒளியாண்டு அகலமுள்ள லனியாக்கேயா என்ற இன்னும் பெரிய மீப்பெருங்கொத்தின் ஒரு பகுதிதான் என்று 2014-இல் வானியலாளர் ப்ரெண்ட் டல்லி குழுவினர் அறிவித்தார்கள்.