காந்தக் குகையில் தெரியும் வெண்புள்ளிகள்

திண்டுக்கல் நாகல் நகரில் இரும்பை அராவி மாங்காய்ப் பூட்டுச் செய்கிறவர், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் அறைக்குள் நுழைய நேர்ந்தால், மடியிலிருக்கும் சாவிக்கொத்தை வாசலிலேயே விட்டுச் செல்ல வேண்டும். பூமியின் காந்த சக்தியைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு வலிமை கொண்டதாய், இரவு பகல் ஓயாதிருக்கும் அந்தக் காந்தம் இரும்பை வெறிகொண்டு இழுத்துக்கொள்ளும். உள்ளே எழும் தடதட ஓசைக்குப் பட்டறைச் சத்தமே தேவலை என்றும் அவருக்குத் தோன்றலாம்.

சரீரத்து நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை அக்காந்தம் ஒரு திசைக்கு இணங்கச் செய்ய, ரேடியோ அலை அவற்றைச் சற்றே புரட்டிவிட, அவை பழைய நிலைக்கு மீளும்போது எழுப்பும் நுண்ணிய சமிக்ஞையிலிருந்தே சித்திரம் பிறக்கிறது. வீக்கத்தால் நீர் கோத்த இடம் அதில் வெண்மையாகத் தெரியும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் வியாதியில் இந்த ஸ்கேன் விசேஷப் பயனுடையது. சிறுமலை வாழையின் தண்டை மட்டைகள் அடுக்கடுக்காய்ப் பொதிந்திருப்பதுபோல நரம்பிழைகளைப் பொதிந்திருக்கும் மயலின் என்ற கொழுப்புறையை, நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு சக்தியே ஆங்காங்கே அழித்துத் தழும்பாக்குகிறது. 1868-இல் பாரிஸில் மருத்துவர் ஷார்கோ இவ்வியாதியை வர்ணித்த காலத்தில், அத்தழும்புகளைக் காண மரணம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1981-இல் லண்டனில் ஆய்வாளர் இயன் யங் முதலியோர், சி.டி. ஸ்கேனுக்குப் புலப்படாத தழும்புகள் பலவற்றை உயிருள்ள நோயாளிகளிடமே கண்டார்கள்.

இளம்பெண் ஒருத்திக்கு இவ்வியாதியால் ஒரு கண் மங்கிச் சில வாரங்களில் தெளிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் அதை மறந்தும் போகலாம். ஆயினும் மூளையின் நீரறைகளை ஒட்டி, சிரைகளின் வழியே நீண்ட முட்டை வடிவப் புள்ளிகள், அவள் உணராமலே தோன்றியிருக்கக்கூடும். கடோலினியம் கலந்த மருந்தை ஊசியில் செலுத்தினால், ரத்தக் குழாயின் தடுப்புத் தளர்ந்துள்ள புதிய புள்ளிகள் ஒளிரும், பழையவை ஒளிரா. இவ்வியாதிதான் என்று தீர்மானிக்க, அது வெவ்வேறு ஸ்தானங்களில், வெவ்வேறு காலங்களில் தாக்கியிருக்க வேண்டும் என்பது பழைய வைத்திய நியதி. இரண்டாம் தாக்குதல் வரும்வரை காத்திராமல், அந்தக் கால பேதத்தைப் படங்களைக் கொண்டே ஸ்தாபிக்க 2001-இல் வெளியான மெக்டொனால்டு நியதிகள் இடமளித்தன.

ஆனால் வெண்புள்ளி கண்டதெல்லாம் இவ்வியாதியன்று. ரத்தக் கொதிப்பும் ஒற்றைத் தலைவலியும்கூடப் புள்ளியிடும். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா இதனைப் போலவே வேஷமிடும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குரிய மருந்துகளில் சில அதனை மோசமாக்கிவிடும். ஆகவேதான் அனுபவமிக்க நரம்பியல் நிபுணர், படத்தை விளக்கொளியில் பிடிக்குமுன், கண் எப்போது மங்கியது, எத்தனை நாளில் தெளிந்தது என்று கேட்கிறார்.